சட்டாம்பிள்ளை

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியருக்கு அடுத்தபடியாக மற்றப் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்ட மூத்த மாணவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். அரிச்சுவடி படிப்பவனும் நிகண்டு ஒப்பிப்பவனும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்க, வாத்தியார் ஒருவரே என்பதால் எழுந்த ஏற்பாடு இது. புதிதாகச் சேர்ந்தவனின் விரலைப் பிடித்து மணலில் எழுதவைப்பது, பாடம் கேட்பது, வராதவனை வீட்டுக்கே போய் அழைத்துவருவது எல்லாம் அவன் பொறுப்பு. நல்ல குணங்களை நீதிபோதனையால் ஊட்டிவிடலாம் என்ற எண்ணம் இன்றும் பரவலாக உள்ளது. ஆத்திசூடியும் அதே திண்ணையில் பாடமாக இருந்ததுதான். ஆனால் சினம் தணிய வேண்டும் என்று மனப்பாடம் செய்த சிறுவனுக்கு, மூன்று சுழி ணகரம் எழுதச் சொன்னால் ஐந்தாம் முறையும் இரண்டு சுழியோடு நிறுத்திக்கொள்ளும் சின்னவன் எதிரே உட்காரும்போதுதான் சினம் இன்னதென்று தெரியவரும். இன்னொரு பிள்ளைக்குப் பொறுப்பேற்பதே பிள்ளையின் மனத்தைப் பண்படுத்தும் வழி. சட்டாம்பிள்ளை முறையின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

இதற்கு வலுவான சான்று எழும்பூரில் கிடைக்கிறது. 1789இல் அங்கிருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவர முயன்றார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. உடனே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான். படிப்படியாகப் பள்ளி முழுவதும் மாணவர் கைக்கு வந்தது. குற்றங்கள் ஒரு கறுப்புப் புத்தகத்தில் பதிவாயின. விசாரித்துத் தீர்ப்புச் சொன்னவர்களும் சிறுவர்களே. 1797இல் லண்டனில் பெல் வெளியிட்ட அறிக்கையால் இது ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் பெற்றது. திண்ணையின் கொடை என்பதே பொருத்தம்.

சட்டாம்பிள்ளை கொடுமைக்காரன் அல்லவா என்று கேட்கலாம். அதிகாரம் செய்பவனைச் சட்டாம்பிள்ளைத்தனம் செய்கிறான் என்று இன்றும் ஏசுகிறோமே. அந்தச் சொல்லே சாட்சி. மறுப்பதற்கில்லை. ஆனால் பழுது எங்கே என்று பார்க்க வேண்டும். 1823இல் பெல்லாரி கலெக்டர் கேம்பெல் எழுதிய அறிக்கையின்படி, காலையில் முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதினார்கள், இரண்டாமவனுக்குச் சுழியம், மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதன் பின் ஆளுக்கொன்று கூடும். இப்படிப் பிரம்பே ஆட்சி செய்த இடத்தில் சட்டாம்பிள்ளை கற்றுக்கொண்டதும் பிரம்பைத்தான். இதே கேம்பெல், முன்னேறிய மாணவர் பின்தங்கியவருக்குக் கற்பிப்பதை மனமாரப் பாராட்டுகிறார். இங்கிலாந்தில் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் இதே முறையைக் கையாண்ட ஜோசப் லங்காஸ்டர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே ஆசிரியரின்கீழ் அடைத்தபோது பொறுப்பு செலவைக் குறைக்கும் உபாயமாகச் சுருங்கியது. தவறு செய்தவனைக் கூடையில் வைத்துக் கூரையில் தொங்கவிடும் தண்டனையும் அங்கே வந்தது. சின்னவன்மீதான அக்கறையை ஒப்படைக்காமல் அதிகாரத்தை மட்டும் ஒப்படைத்ததன் விளைவு இது.

இன்றைய தொடக்கப்பள்ளிகளில் சட்டாம்பிள்ளையின் இடத்தில் வகுப்புத் தலைவர் இருக்கிறார். ஆசிரியர் வெளியே போனதும் பேசியவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதிவைப்பது அவர் வேலை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையைத் தடைசெய்துள்ளது. பிரம்புக்குத்தான் தடை; வகுப்புத் தலைவரிடம் ஒப்படைக்கப்படுவது இன்னும் அதிகாரமே, அக்கறை அல்ல.