ஒன்றரை ஏக்கருக்கு ஒரு புள்ளி

புதூர்நாட்டுக்கு மேலே சாட்டிலைட் படத்தில் நான் வரைந்த முதல் கோடு தப்பு. கியூஜிஐஎஸ்ஸில் பார்த்தபோது காட்டுக்குள் நேராக ஓடியது. பாறைப் பிளவுதான், சந்தேகமே இல்லை என்று நினைத்தேன்.

இந்த வேலைக்கு வயது ஐம்பதுக்கு மேல். 1972 ஜூலையில் அமெரிக்கா முதல் லேண்ட்சாட்டை ஏவியது. அதன் படத்தில் ஒரு புள்ளி, தரையில் சுமார் 79 மீட்டர் சதுரம். நம்ம கணக்கில் ஒன்றரை ஏக்கர். வீடு, கிணறு எதுவும் தெரியாது. ஆனால் ஒரே படத்தில் 185 கிலோமீட்டர் அகலம் அடங்கியது. மலையில் நிற்பவருக்கு ஒரு பள்ளத்தாக்கு தெரியும். பல பள்ளத்தாக்குகள் ஒரே திசையில் வரிசையாகக் கிடப்பது தெரியாது. ட்ரூரியும் ஹோல்ட்டும் அந்தப் படங்களை வைத்து, தென்னிந்தியாவின் பழம்பாறைகள் ஒன்றையொன்று உரசி நழுவிய நீண்ட பட்டைகளை அடையாளம் கண்டு 1980இல் கட்டுரை எழுதினார்கள். இது முதற்கட்ட நோட்டம்தான் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும்.

1988 மார்ச்சில் நம்முடைய ஐஆர்எஸ்-1ஏ போனது. அதன் கூர்மையான கேமராவுக்கு ஒரு புள்ளி 36.25 மீட்டர், அதாவது 32 சென்ட்.

ஜவ்வாது மலையில் இந்தக் கோடுகளுக்கு மதிப்பு தண்ணீரால் வருகிறது. சார்னோகைட்டும் நைஸும் தண்ணீரை உறிஞ்சாத பாறைகள். நீர் நிற்பது சிதைந்த மேல்பகுதியிலும் விரிசல்களிலும் மட்டும். படத்தில் நேர்கோடு தெரிந்தால் கீழே விரிசல் இருக்கலாம். ராஜீவ் காந்தி குடிநீர் இயக்கத்துக்காக நாடு முழுக்க இப்படித்தான் நிலத்தடி நீர் வரைபடங்கள் தயாரானார்கள். அதில் 1 சென்டிமீட்டர், தரையில் அரை கிலோமீட்டர். போர் போடும் துளையோ ஆறரை அங்குலம்! பென்சில் கோட்டின் தடிமனுக்குள்ளேயே ஒரு குடும்பத்தின் கடன் தொலைந்துபோகலாம்.

என் கோட்டைத் தேடி மேலே போனேன். உடன் வந்த பெரியவர் சிரித்தார்.

“இது தீத்தடுப்புக்கு காட்டிலாகாவுல வெட்டுன கோடு தம்பி. தண்ணியா? அது அந்தாண்ட.”

அவர் காட்டிய ஓடை ஓரிடத்தில் சட்டென்று திரும்பி, கொஞ்ச தூரம் நேராக ஓடி, மறுபடி வளைந்தது. சித்திரையிலும் அங்கே ஈரம் காயாதாம். லேப்டாப்பைத் திறந்தேன். அந்தத் திருப்பம் படத்திலும் இருந்தது. மரநிழல் என்று நான் விட்டிருந்தேன். முதல் கோட்டை அழித்துவிட்டு, ஓடையின் மேல் ஒன்று போட்டேன். இந்தத் தடவை விட்டுவிட்டுப் போகும் கோடாக.