இருபுறச் சவர பிளேடு

இருபுறச் சவர பிளேடு என்பது நீள்விளிம்புகள் இரண்டிலும் கூர் தீட்டப்பட்ட, ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகுத் தகடு ஆகும். இது ரேசரில் பொருத்திப் பயன்படுத்தப்படுகிறது.

வரலாறு

அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட் இதனை 1903 இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1904 இல் காப்புரிமை பெற்றார். மெல்லிய எஃகைக் கடினமாக்கிக் கூர் தீட்டும் முறையை வில்லியம் நிக்கர்சன் உருவாக்கினார். தொடக்ககாலக் கார்பன் எஃகு பிளேடுகள் எளிதில் துருப்பிடித்தன. 1960களில் துருப்பிடிக்காத எஃகு பிளேடுகள் பரவலாயின.

தேர்வும் பயன்பாடும்

முடியின் தடிப்பு, தோலின் தன்மை, ரேசரின் அமைப்பு ஆகியவற்றுக்கேற்பப் பொருத்தமான பிளேடு ஆளுக்கு ஆள் வேறுபடும். எனவே ஒரே ரேசரில் பல வகை பிளேடுகளை இட்டு ஒப்பிடுவது நல்லது. வெந்நீரில் ஊறிய முடி மென்மையடைந்து எளிதில் அறுபடும். நுரை பூசியபின், பிளேடு தோலுடன் ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தில் படுமாறு, அழுத்தாமல், முடி வளரும் திசையில் மழித்தல் வேண்டும்.

மழுங்குதல்

சவர பிளேடு முடியைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. எனினும், வளையும் முடி விளிம்பின் நுண்குறைகளில் படும்போது சில்லுகள் பெயர்ந்து பிளேடு மழுங்கக்கூடும் என 2020 இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் காட்டினர். முடியை அறுக்காமல் இழுக்கும் பிளேடை மாற்றிவிட வேண்டும். ஒருவர் பயன்படுத்திய பிளேடு வழியாகக் கல்லீரல் அழற்சி பி, சி ஆகியன பரவக்கூடும் என்பதால் அதனைப் பிறர் பயன்படுத்தலாகாது.