பெண்ணாப் பொறந்து ஆணா மாறுற வயல் விலாங்கு

பாலினம் மாறும் மீன்னு சொன்னதும் எல்லாரும் நேரா நீமோகிட்ட போயிடுவோம். இன்னைக்கு நான் பேசப்போறது அழகே இல்லாத ஒரு மீனைப் பத்தி. சேத்து வயல்லயும் வாய்க்கால்லயும் கிடக்கும் ஆசியாவின் வயல் விலாங்கு. (பேருதான் விலாங்கு. உண்மையில அந்த இனமே இல்ல.)

1944. சீனாவுல போர். ஜப்பான் படைகள் முன்னேற, ஆய்வகங்கள் நாட்டின் உட்பகுதிக்கு இடம்பெயர்ந்திருந்தன. அந்த நெருக்கடியிலும் லியு ஜியான்காங் என்ற மீனியலாளர் இந்த மீனை அறுத்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார். சின்ன மீன்கள் பெண், பெரிய மீன்கள் ஆண். நடு அளவு மீன்களோட இனப்பெருக்க உறுப்புல ரெண்டுமே இருந்தது. அதாவது, பெண்ணாப் பொறந்து, முட்டை போட்டுட்டு, அப்புறம் ஆணா மாறுது.

சரி, மாறும்போது உள்ளே ஹார்மோன் என்ன ஆகுது? 1960களில் ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் சான், ஃபிலிப்ஸ் ரெண்டு பேரும் இதைக் கையில் எடுத்தாங்க. பெண், நடு, ஆண்னு எல்லாக் கட்ட மீன்களோட உறுப்பையும் வெளியே எடுத்து, ஹார்மோன் செய்யத் தேவையான மூலப்பொருளைக் கொடுத்து, என்ன உருவாகுதுன்னு பார்த்தாங்க. 1969ல் கட்டுரை வந்தது. பெண் கட்டத்துல ஈஸ்ட்ரோஜன் தூக்கல், மாற மாற ஆண்ட்ரோஜன் தூக்கல்.

இங்க ஒண்ணு சொல்லணும். ஆண் ஹார்மோன், பெண் ஹார்மோன்னா ஏதோ ரெண்டு தனித்தனி ஃபேக்டரின்னு நம்ம மண்டையில பதிஞ்சிருக்கு. ஈஸ்ட்ரோஜன் உருவாவதே ஆண்ட்ரோஜன்லேர்ந்துதான். அரோமட்டேஸ் என்ற நொதி அதை மாத்துது. தயாரிப்பு வரிசை ஒண்ணுதான், எந்தப் படியில நிக்குதுங்கிறதுதான் வித்தியாசம்.

அப்போ ஆண் ஹார்மோனை ஊசியில ஏத்தினா மீன் சீக்கிரம் மாறணும்ல? அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. ஜப்பானின் யாமாமோட்டோ 1953லேயே மெடகா மீன் குஞ்சுகளுக்கு உணவில் ஈஸ்ட்ரோஜன் கலந்து கொடுத்து, மரபணுப்படி ஆணாக வேண்டியதைப் பெண்ணாக வளர்த்துக் காட்டியிருந்தார். வயல் விலாங்குக்கும் போட்டுப் பார்த்தாங்க. மாறல!

1974ல் டாங், சான், லாஃப்ட்ஸ் மூணு பேரும் பாலூட்டிகளோட எல்.எச். ஹார்மோனைக் கொடுத்தாங்க. அது மூளைக்கு அடியில இருக்கும் பிட்யூட்டரி சுரக்கிறது. இப்போ பெண் மீன்கள் முன்கூட்டியே மாற ஆரம்பிச்சது.

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்சது அந்தத் தோத்துப்போன ஊசிதான். இந்த மீனுக்குள்ள ஆண்ட்ரோஜன் ஏறினது நிஜம். ஆனா அதுமட்டும் மாத்தத்தைத் தொடங்கி வைக்கல. உத்தரவு மேலேர்ந்து வரணும்.