தோல்ஷாப்பிலிருந்து ஆராய்ச்சிக் கூடத்துக்கு

நம் கல்லூரியில் வேதியியல் படித்தவர்களை ஊரார் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "எம்.எஸ்ஸி. முடிச்சிட்டு என்னப்பா, வாத்தியார் வேலையா, பேங்க் பரீட்சையா?" மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அது நம் ஊர்த் தண்ணீரிலேயே கிடக்கிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

பேகம்பூர்ப் பக்கத்துத் தோல்ஷாப்களை நாம் அனைவரும் அறிவோம். அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்கள். வாரக்கணக்கில் ஊற வேண்டும். பின்னர் குரோமியம் உப்பு வந்தது. தோலில் உள்ள கொலாஜன் என்னும் புரத இழைகளைக் குரோமியம் ஒன்றோடொன்று பிணைத்துவிடும். வேலை சில நாளில் முடியும். கொதிநீரில் போட்டாலும் தோல் சுருங்காது. ஆனால், பழைய முறையில் போட்ட குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போய்விடும். பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தடவும் உப்பும் கூடவே போகும். குரோமியத்தையாவது வீழ்படிவாக்கிப் பிரிக்கலாம். கரைந்த உப்பு அப்படி மசியாது. கிணற்றுத் தண்ணி உப்புக் கரித்த கதை இதுதான்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் நம் மாவட்டமும் இடம்பெற்றது. திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பது சட்டமாயிற்று. சட்டம் உத்தரவு போடும். வழியை வேதியியல்தானே காட்ட வேண்டும்?

அதற்கான கூடங்கள் எட்டாத தூரத்தில் இல்லை. சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-ல் தோன்றியது. அதே ஆண்டு ஜூலை 25 அன்று காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்திருக்காவிட்டால் அது எங்கோ ஒரு பெருநகரத்துக்குப் போயிருக்கும். 1953 பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். துரு, முலாம், பேட்டரி, கழிவுநீர் என அங்கே வேலைக்குக் குறைவில்லை. பூட்டுக்கு முலாம் பூசும் ஊர்க்காரர்களுக்கு இது அந்நியமான விஷயமா என்ன? நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழியாகக் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குக் காரைக்குடி போய்விடலாம்.

உள்ளே நுழைய வழி என்ன? சி.எஸ்.ஐ.ஆர். – யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் மாதாமாதம் உதவித்தொகையோடு பி.எச்டி. செய்யலாம்; பொறியியல் படித்தவர்களுக்கு கேட் தேர்வு இருக்கிறது. இந்த நிலையங்களிலேயே பட்டம் தர ஏ.சி.எஸ்.ஐ.ஆர். என்ற கல்விக்கழகம் 2010-ல் தொடங்கப்பட்டு, 2012-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் தகுதியும் பெற்றது. பக்கத்திலேயே காந்திகிராமம், 1976 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அங்கும் வேதியியல் ஆராய்ச்சி நடக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு மூளை இல்லாமலில்லை. "இப்படி ஒரு பரீட்சை இருக்கு, எழுது" என்று சொல்ல ஆள் இல்லாமல்தான் பலர் நின்றுவிட்டார்கள். ஆராய்ச்சித் துறையில் இருக்கும் பழைய மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வந்து, இறுதியாண்டு வகுப்பில் ஒரு மணி நேரம் பேசினால் போதும். நம் ஊர்க் கிணற்றை இனிக்க வைக்கும் ஆராய்ச்சியை நம் கல்லூரிப் பிள்ளை ஒன்று செய்யட்டுமே!