அமராவதி: முதலீட்டு மதிப்பீடு

ஆந்திரப் பிரதேசத்தில் கிருஷ்ணா ஆற்றின் தென்கரையில், சுமார் 217 சதுர கிலோமீட்டரில் திட்டமிடப்பட்ட தலைநகரம். 2014இல் தெலங்கானா பிரிந்தபின் தொடங்கப்பட்டது. 2015 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்டது.

முதலீடு செய்ய வருவோர் முதலில் பார்க்க வேண்டியது நிலம் வந்த வழி. அரசு பெரும்பகுதியை விலைக்கு வாங்கவில்லை; நிலத் திரட்டு முறையில் விவசாயிகள் 33,000 ஏக்கருக்கு மேல் ஒப்படைத்தனர். ஈடாக ஏக்கருக்கு 1,000 சதுர கெஜம் வீட்டுமனை, கூடவே வணிக மனை, பத்தாண்டுகளுக்கு ஆண்டுத்தொகை. மனை விலை ஏறினால்தான் அவர்களுக்குப் பலன். ஆகவே அவர்களே முதல் முதலீட்டாளர்கள், அதுவும் கையிலிருந்ததையெல்லாம் வைத்தவர்கள். இதைக் கணக்கில் எடுக்காத மதிப்பீடு அரைகுறையானது.

அடுத்தது ஆட்சி மாற்றம். 2019இல் பொறுப்பேற்ற ஜெகன் மோகன் ரெட்டி அரசு பணிகளை முடக்கி, அமராவதிக்குப் பதிலாக மாநிலத்துக்கு மூன்று தலைநகரங்கள் என்றது. அதே ஆண்டில் உலக வங்கிக் கடன் முயற்சி கைவிடப்பட்டது. சிங்கப்பூர் நிறுவனங்களுடனான ஒப்பந்தமும் முறிந்தது. மூன்று தலைநகரத் திட்டத்தை எதிர்த்து விவசாயிகள் வழக்காடி 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தில் வென்றனர். அமராவதியைத் தொடங்கிய சந்திரபாபு நாயுடு 2024இல் ஆட்சிக்குத் திரும்பியபின் உலக வங்கி 80 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது.

கடைசியாக, தலைநகரப் பகுதியில் பாயும் கொண்டவீட்டி ஓடையின் வெள்ளநீரைக் கிருஷ்ணாவுக்குள் இறைத்து வெளியேற்றும் செலவும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும்.