சாலை முதல் சங்கம் வரை

கொடை என்ற சொல்லைக் கேட்டவுடனே தமிழர் நெஞ்சில் முதலில் தோன்றுவோர் கடையெழு வள்ளல்களே. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும் பற்றிச் சொல்லாத தமிழ்த் தாய் இல்லை. அவ்வெழுவருள் ஒருவன் திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு மிக அணியன். அவன் பொதியமலை நாட்டை ஆண்ட ஆய் அண்டிரன். அவன் வழிவந்தோர் எனப்படும் ஆய் மன்னர்களே பிற்காலத்தில் இத்தென்கோடி நிலத்தை ஆண்டனர்.

ஆய் மறைந்தபோது இரவலர் நிலை என்னாயிற்று என்பதைப் புறநானூறு உருக்கமாகக் காட்டுகிறது. அதைப் படிக்கும்போது ஒரு கேள்வி எழாமற் போகாது. கொடுப்பவன் ஒருவனாக இருக்கும்வரை, அவன் மூச்சு நின்ற அன்றே அறமும் நின்றுவிடாதோ? இக்கேள்விக்கு நம் முன்னோர் கண்ட விடையே ஊர்கூடிச் செய்யும் அறம். பலர் ஒன்றுகூடி, பொருள் சேர்த்து, விதி வகுத்து, கணக்கு எழுதி, ஊரின் ஒரு குறையைத் தீர்க்க முற்படுவது அது. இன்று உலக நாடுகளில் நல்கை வழங்கும் நிறுவனங்கள் வட்டாரந்தோறும் கூடிப் பேசுகின்றன. அமெரிக்காவின் கிளீவ்லந்து நகரில் 1914இல் தோன்றிய ஊர்ப்பொது அறக்கட்டளையே அவ்வகையில் முதலாவது என்பர். ஆயின் அதற்கு ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே இக்கிழக்கேகோட்டையைச் சூழ்ந்த நிலத்தில் அவ்வழக்கம் வேரூன்றியிருந்தது. அதன் பெருமையையும், அதனுள் நெடுங்காலம் கிடந்த ஒரு குறையையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பார்த்திவசேகரபுரத்துச் செப்பேடு

கோட்டை வாயிலைக் கடந்து சாலைக் கடைத்தெருவின் வழியே கிழக்கு நோக்கி நடந்தால் வலியசாலையை அடைகிறோம். அங்கே காந்தளூர் மகாதேவர் கோயில் உள்ளது. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெற்ற காந்தளூர்ச் சாலை இவ்விடமே என்று அறிஞர் பலர் கருதுவர்; விழிஞ்சத்தை ஒட்டியது என்பாரும் உளர். இராசராசன் அங்கே ‘கலம் அறுத்தான்’ என்பதற்குக் கப்பல்களை அழித்தான் என்று சிலரும், உண்கலம் பற்றிய ஒழுங்கு செய்தான் என்று சிலரும் பொருள் கொண்டனர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் இச்சாலையைப் பற்றி ஆராய்ந்து நூல் எழுதினார்.

அச்சாலை எவ்வாறு நடந்தது என்பதை அறிய உதவுவது மற்றொரு சாலையின் சாசனமாகும். ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் முஞ்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரம் என்னும் ஊரை அமைத்தான். இன்று அது கன்னியாகுமரி மாவட்டத்தில் பார்த்திவபுரம் என வழங்குகிறது. மன்னனாயினும் அவன் நிலத்தைப் பறித்துக்கொள்ளவில்லை. முஞ்சிறைச் சபையாரிடம் பேசி, அவர்தம் நிலத்துக்கு மாற்று நிலம் கொடுத்தே அவ்விடத்தைப் பெற்றான். அங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்து, காந்தளூரைப் பின்பற்றி 95 சட்டர்கள் உண்டு தங்கிக் கற்கும் சாலை ஒன்றை நிறுவினான். வேதப் பிரிவு மூன்றுக்கும் முறையே 45, 36, 14 என இடங்கள் பகுக்கப்பட்டன. இச்செப்பேடு திருவனந்தபுரத்து உசூர்க் கச்சேரியில் இருந்தமையால் ‘உசூர்க் கச்சேரிச் செப்பேடு’ எனப் பெயர் பெற்றது. கோபிநாதராயர் இதனைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார்.

இதில் நாம் கருதத்தக்கது கொடையின் அளவைவிட அதன் ஒழுங்கே. பிறரை வைதவர்க்குத் தண்டம் உண்டு. படைக்கலம் ஏந்திக் கூட்டத்துக்கு வருதல் ஆகாது. சாலைக்குள் சூதாடுதல் ஆகாது. சேர விரும்புவோர் இலக்கணம் முதலியவற்றில் தேர்ச்சி பெற்றிருத்தல் வேண்டும். இவ்வாறு அரசனின் அன்பு, அரசனுக்குப் பின்னும் நிற்கக்கூடிய விதியாக மாறியது. பாரியின் தேர் ஒருநாள் நிகழ்ச்சி. பார்த்திவபுரத்து இலைச்சோறு நாடோறும் நிகழ வேண்டியது. நாடோறும் நிகழ வேண்டியதற்கு நல்ல மனம் மட்டும் போதாது. நிலமும் சபையும் எழுத்தும் வேண்டும்.

கொல்லத்து வணிகர்

அரசர் ஒருபுறமிருக்க, வணிகரும் அவ்வாறே கூடினர். பார்த்திவபுரத்துக்குச் சற்று முன்னதாக, கி.பி. 849இல், கொல்லத்தில் தரிசாப்பள்ளிச் செப்பேடு எழுதப்பட்டது. வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், சபீர் ஈசோ என்பவர் எடுப்பித்த கிறித்தவப் பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் வழங்கினார். அக்கொடையைக் காக்கும் பொறுப்பு அறுநூற்றுவர், அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டது. வட்டெழுத்தில் தமிழிலே அமைந்த இச்சாசனத்தின் இறுதியில் சாட்சிகள் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் கையொப்பம் இட்டுள்ளனர். பல நாட்டார், பல சமயத்தார் ஓர் அறத்துக்குக் காவலராக ஒரே ஏட்டில் கையெழுத்திட்ட காட்சி இது. அயலூரில் பிழைக்க வந்தவர்கள் வந்த ஊரின் பொதுக் காரியத்துக்குப் பொறுப்பேற்றதற்கு இதனினும் பழைய சான்றை நம் மண்ணில் தேட வேண்டியதில்லை.

இலை போடப்படாதவர்

இவ்வளவும் பெருமைக்குரியவை. எனினும் வரலாறு எழுதுவோன் பெருமையை மட்டும் எழுதினால் அது பாதி வரலாறு. பார்த்திவபுரத்துச் சாலையில் வேதம் ஓதும் 95 பேருக்கு இலை போடப்பட்டது. அச்சாலையின் நிலத்தை உழுதவன் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. பிற்காலத் திருவிதாங்கூரிலும் அரசுச் செலவில் நடந்த ஊட்டுப்புரைகள் அந்தணர்க்கே உணவளித்தன. நாட்டின் வரிப்பணத்தில் எல்லாருடைய வியர்வையும் இருந்தது. பந்தியில் எல்லாருக்கும் இடம் இருக்கவில்லை. நம் கோட்டைக்குள்ளிருக்கும் பத்மநாபசுவாமி கோயிலின் வாயில் பெரும்பாலான மக்களுக்குத் திறந்தது 1936 நவம்பர் 12 அன்று வெளிவந்த ஆலயப் பிரவேச விளம்பரத்துக்குப் பின்னரே.

கூடிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஆனால் கூட்டத்தில் யார் அமர்வது, கொடுப்பதை யார் பெறுவது என்பதை ஒரு சிலரே முடிவு செய்தனர். இக்குறையைத் தீர்த்தவர்கள் மேலிருந்து வரவில்லை. பந்திக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களே அப்பழைய வடிவத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டு புதிய பந்தி விரித்தனர்.

பிடியரிசி செய்த புரட்சி

நெய்யாற்றின்கரைக்கு அருகே அருவிப்புறத்தில் 1888இல் ஸ்ரீ நாராயண குரு சிவலிங்கத்தை நிறுவினார். அங்கே அமாவாசை நாள்களில் வந்து கூடுவோர்க்கு உணவளிக்க ‘வாவூட்டு யோகம்’ என்ற சிறு குழு அமைந்தது. சோறு போடத் தொடங்கிய அக்குழுவே வளர்ந்து 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் ஆயிற்று. திருவிதாங்கூரில் மருத்துவப் பணி மறுக்கப்பட்டு மைசூரில் பணியாற்றிய டாக்டர் பல்பு அதற்கு ஊக்கம் தந்தார். கவிஞர் குமாரன் ஆசான் செயலாளராக உழைத்தார். அது கம்பெனிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டது என்பது கருதத்தக்கது. விதியும் கணக்கும் இல்லாத கூட்டம் கலைந்துவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

மன்னத்துப் பத்மநாபன் முதலியோர் 1914இல் பெருன்னையில் தொடங்கிய நாயர் சேவைச் சங்கம் வீடுவீடாகப் பிடியரிசி திரட்டிப் பள்ளிகளை எழுப்பியது. கிளீவ்லந்து அறக்கட்டளை தோன்றிய அதே ஆண்டு அது. அங்கே செல்வர்களின் உயில் சொத்து மூலதனம். இங்கே உலையில் இடுமுன் எடுத்து வைத்த ஒரு கைப்பிடி அரிசி மூலதனம்.

தமிழகத்து விருதுநகரிலும் இதே காட்சியைக் காண்கிறோம். அவ்வூர் நாடார் உறவின்முறையார் சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என மகமை வகுத்துப் பொதுக்காரியங்கள் நடத்தினர். அவர்கள் நிறுவிய சத்திரிய வித்தியாசாலை மகமையாலும் பிடியரிசியாலும் வளர்ந்தது. ஓர் இனத்தாரின் பணத்தில் எழுந்த அப்பள்ளி எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது என்பதே அதன் தனிச்சிறப்பு. அங்கே படித்த காமராசர் பின்னர் முதலமைச்சராகி 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, செலவில் ஒரு பங்கை ஊர்மக்களே ஏற்கும்படி செய்தார். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஒரு வட்டாரத்து மக்கள் ஓரிடத்தில் கூடி, தத்தம் ஊர்ப் பள்ளிக்கு இன்னின்ன குறை என்று எடுத்துச் சொல்லி, நாற்காலியும் கரும்பலகையும் கட்டடமும் தாமே கொடுத்தனர்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நெஞ்சைத் தொடும் நிகழ்ச்சி ஒன்று இத்தலைநகரத்துக்குத் தெற்கே நடந்தது. வெங்கானூரில் பிறந்த அய்யன்காளி 1907இல் சாதுசன பரிபாலன சங்கத்தை நிறுவினார். தம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தால் வயலில் இறங்கமாட்டோம் என்று உழவுத் தொழிலாளர் அவர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். அடுப்பு எரியாத நாள்கள் வந்தன. அப்போது விழிஞ்சத்து மீனவர்கள் தம் வள்ளங்களில் அவர்களை ஏற்றிக்கொண்டு, கடலில் கிடைத்ததில் பங்கு கொடுத்துக் காத்தனர் என்று இவ்வரலாறு கூறப்படுகிறது. மீனவரிடம் நிலமில்லை, பொன்னில்லை, செப்பேடும் இல்லை. வள்ளத்தில் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது, அதைக் கொடுத்தனர். பாரியின் தேருக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று.

நம் முன்னிருப்பது

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் சாலைக் கடைத்தெருவை வளர்த்தார். அத்தெருவை நம்பி நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நம்மில் பலர். மூட்டை சுமந்து வந்தவர் உண்டு. தராசு பிடித்து வந்தவர் உண்டு. ஏடு சுமந்து வந்தவரும் உண்டு. மனோன்மணீயம் தந்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளை இந்நகரில் 1885இல் சைவப் பிரகாச சபையைக் கண்டபோது, வந்த ஊரில் நம்மவர் கூடியிருக்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணமும் அதில் இருந்திருக்கும். தமிழ்ச் சங்கங்களும் அவ்வழியில் வந்தவையே. திருமண உதவி, பிள்ளைகளுக்குப் பரிசு, பொங்கல் விழா என நம்மவர்க்கு நாம் செய்வது நல்லதே. அது குறைவற நடக்கட்டும்.

ஆயினும் இன்று அதிகாலையில் கிழக்கேகோட்டையில் நின்று பார்த்தால் வேறொரு கூட்டம் கண்ணில் படுகிறது. வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் வேலைக்காகக் காத்து நிற்கின்றனர். நம் பாட்டனார் நின்ற அதே இடத்தில், அதே கவலையோடு, மொழி தெரியாமல் நிற்கின்றனர். கேரள அரசு 2017இல் இவர்களுக்கென ‘ஆவாஸ்’ என்னும் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அரசு செய்வது அரசின் கடமை. ஆனால் காய்ச்சலில் கிடப்பவனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று அவன் சொல்வதை மலையாளத்தில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவன் பிள்ளைக்கு மாலையில் எழுத்தறிவிக்க ஓர் ஆள் வேண்டும். மொழி தெரியாத ஊரில் முதல் ஆண்டு எப்படி இருக்கும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்?

சாலைச் சாசனம் விதியின் அருமையைக் கற்பித்தது. பிடியரிசி, சிறிய கையும் கொடுக்கும் கை என்று கற்பித்தது. விழிஞ்சத்து வள்ளம், தன்னவன் அல்லாதவனுக்கும் இடம் உண்டு என்று கற்பித்தது. முதலிரண்டையும் நாம் நன்கு கற்றுக்கொண்டோம். நம் சங்கங்களின் கணக்கேடுகளே அதற்குச் சான்று. மூன்றாவது பாடம் இன்னும் பாக்கி இருக்கிறது.

கோட்டை வாயிலுக்கு எதிரே உள்ள புத்தரிக்கண்டம் மைதானத்தின் பெயர், புத்தரிசி விளைந்த வயலாக அது இருந்த காலத்தை நினைவூட்டுகிறது. நெல் விளைந்த காலம் போயிற்று. மக்கள் கூடும் இடமாக அது இன்றும் இருக்கிறது. அடுத்த ஆண்டுப் பொங்கலுக்கு நாம் கூடும்போது, புத்தரிசிப் பொங்கலில் ஒரு பங்கை, வாயிலில் நிற்கும் அந்த வடநாட்டு இளைஞர்க்கும் இலை போட்டு இடுவோமாக. ஆய் அண்டிரன் வாழ்ந்த மண்ணில் வந்து தங்கிய நாம் அவனுக்குச் செலுத்தத்தக்க நன்றி அதுவே.