பள்ளிக்கூடக் குப்பையை உரமாக்கலாம்: சத்துணவுக் கழிவும் சருகும் போதும்

கிராமப் பள்ளிகளில் சத்துணவுக் கூடத்திலிருந்து தினமும் காய்கறித் தோல், முட்டை ஓடு, மீதச் சோறு வெளியே வருகிறது. மரத்தடியில் சருகு குவிகிறது. பல இடங்களில் சருகைக் கொளுத்திவிட்டு, சோற்றைச் சுவர் ஓரம் கொட்டுகிறார்கள். புகை வகுப்பறைக்குள் போகிறது, சோற்றுக்கு நாயும் எலியும் வருகின்றன. இந்த இரண்டையும் சேர்த்தால் பள்ளிக் காய்கறித் தோட்டத்துக்கு வேண்டிய தொழு உரம் அங்கேயே கிடைக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் விவசாயிகள் முன்கை எடுத்தால் செலவும் அதிகம் ஆகாது.

பள்ளியில் உரக்குழி வெட்ட வேண்டாம். குழந்தைகள் ஓடியாடும் இடம். மழையில் தண்ணீரும் தேங்கும். தரைக்கு மேல் 3 அடி அகலமுள்ள கிணற்று உறை இரண்டை நிழலில் வைத்து, பக்கங்களில் காற்றுத் துளை போட்டால் போதும். பழைய செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கியும் கட்டலாம். ஒன்று நிறைந்ததும் மற்றதில் போட ஆரம்பிக்கலாம்.

அடியில் அரை அடிக்குச் சருகு. அதன் மேல் இரண்டு, மூன்று அங்குலம் சமையல் கழிவு. பிறகு சாணிக்கரைசல் தெளித்து, மறுபடியும் சருகால் மூடிவிட வேண்டும். ஈரக் கழிவு ஒரு கூடை என்றால் சருகு இரண்டு, மூன்று கூடை இருக்கட்டும். நாற்றம் அடித்தால் சருகு போதவில்லை என்று அர்த்தம். கையில் எடுத்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. 15 நாளுக்கு ஒரு முறை கிளறிவிட்டால் மூன்று மாதத்தில் கறுப்பாக, மண் வாசனையோடு உரம் தயாராகிவிடும்.

மண்புழு உரம் போட விரும்பினால் உப்பு, புளி, எண்ணெய் சேர்ந்த சாம்பார்ச் சோற்றை அதில் போடக் கூடாது, புழு தாங்காது. வேப்பிலையையும் அதிகம் சேர்க்க வேண்டாம்.

மீதச் சோற்றை மாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க வேண்டும். வெறும் சோற்றை நிறைய தின்ற மாட்டுக்கு முதல் வயிற்றில் அமிலம் கூடி, அசை போடுவது நின்று, வயிறு உப்பி, உயிருக்கே ஆபத்து வரும். பொங்கல் சமயத்தில் கால்நடை மருத்துவர்களிடம் இப்படி வரும் மாடுகள் அதிகம். கொஞ்சமாக, வைக்கோலோடு கலந்துதான் கொடுக்க வேண்டும். புளித்ததும் பூஞ்சை பிடித்ததும் அறவே கூடாது. காலையில் வருகையைக் கணக்கெடுத்து அதற்கேற்ப உலை வைத்தால் சோறு மீறுவதே குறையும்.

முட்டை ஓட்டைத் தூக்கிப் போடாதீர்கள். வாரம் 5 முட்டை என்றால், 60 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் 300 ஓடு. எடை ஒன்றரைக் கிலோ வரை வரும். அதில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்துதான். வெயிலில் காயவைத்து, நன்றாகத் தூளாக்கி உரத்தோடு கலக்கவும். துண்டு துண்டாகப் போட்டால் கரைய ரொம்ப நாளாகும்.

காகிதம், அட்டை, பழைய நோட்டுகளைச் சாக்கில் கட்டி வைத்தால் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள். தின்பண்ட உறைகளுக்கு விலை இல்லை. அவற்றைச் சேர்த்து ஊராட்சித் தூய்மைக் காவலர்களிடம் கொடுப்பதுதான் வழி. ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்கும் கப்புக்கும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. பள்ளி விழாக்களில் இன்னும் தலைகாட்டுகின்றன. சோறு ஒட்டிய பையை மாடு விழுங்கினால் அது செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிவிடும். பேட்டரி, டியூப் லைட், நாப்கின் எதுவும் உர உறைக்குள் போகக் கூடாது.

கோடை விடுமுறையில் உறை காய்ந்துபோவதுதான் பெரிய சிக்கல். ஏப்ரல் நடுவிலேயே நிரப்புவதை நிறுத்தி, நன்றாக நனைத்து, மேலே சாணி கலந்த மண்ணால் மெழுகிவிடுங்கள். பள்ளி திறந்ததும் ஒரு முறை கிளறித் தண்ணீர் தெளித்தால், ஆடிப் பட்டத்துக்குக் கத்தரி, வெண்டை, கீரைப் பாத்திகளுக்கு அந்த உரத்தை அள்ளிப் போடலாம்.